புள்ளியிட்ட எழுத்துகள்: அறபுத்தமிழிலிருந்து கணினித் தமிழ் வரை

தமிழ் எழுத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல், ஓலை, அச்சு என்னும் மூன்று படிகளை விரித்துரைத்து, இறுதியில் கணினியை ஒரு பின்னிணைப்பாகச் சேர்த்து முடிப்பது பெருவழக்கு. அவ்வாறு எழுதப்பட்ட வரலாறுகளில் அறபுத்தமிழுக்கு ஓர் அடிக்குறிப்புக்கு மேல் இடங்கிடைப்பது அரிது. ஆயினும், வேறொரு மொழிக்காகக் கட்டப்பட்ட வீட்டிலே தமிழைக் குடிவைக்க நேர்ந்தபோது எழும் சிக்கல்கள் எவை, அவற்றைத் தீர்ப்பவர் யார், அத்தீர்வு நிலைபெறுவது எதனால் என்னும் வினாக்களுக்கு விடை காண விரும்புவோர், கணினிக்கு முன்னதாக அறபுத்தமிழையே நாடவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரந்திருந்த தமிழர் செய்த வாதங்கள் பலவும், லெப்பைமாரும் ஆலிம்களும் நாணற்பேனாவைக் கையிலேந்தி முன்னரே எதிர்கொண்டவைதாம்.

இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கே இறங்கிப் பொத்துவிலையும் அறுகம்பேயையும் தொடும் ஊர்வரிசையில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் வாழ்கின்றனர். இடையிடையே காரைதீவும் திருக்கோவிலும் போன்ற தமிழ் ஊர்கள். இக்கரையின் முஸ்லிம் பிள்ளைகள் முதன்முதலில் கண்ட எழுத்து பெரும்பாலும் அறபெழுத்தே. குர்ஆன் மதரசாவில் அலிபும் பேயும் கற்ற பின்னரே பாடசாலைக்குச் செல்லும் வாய்ப்பு. பெண்பிள்ளைகளுள் பலருக்கு ஒரு காலத்தில் அவ்வாய்ப்பும் இருந்ததில்லை. தமிழைப் பேசுவர், அறபெழுத்தைக் கூட்டி வாசிப்பர், தமிழெழுத்தை அறியார். இந்நிலையிலுள்ள ஒருவருக்குத் தொழுகையின் விதிகளையும் நபிமார் வரலாறுகளையும் எவ்வாறு படிக்கக் கொடுப்பது? தமிழை அறபெழுத்தில் எழுதிக் கொடுப்பதே நேர்வழி. காயல்பட்டினம், கீழக்கரை, பேருவளை, கொழும்பு எனக் கடலின் இருகரைகளிலும் வளர்ந்த இவ்வெழுத்துமுறை கிழக்கு ஊர்களின் வீடுகளிலும் புகுந்தது.

அறபெழுத்து 28. தமிழுக்கு இன்றியமையாத பகரம் அதில் இல்லை. டகரம், ணகரம், ழகரம், றகரம் இல்லை. எகர ஒகரங்களுக்கு உயிர்க்குறியும் இல்லை. ஆனால் அறபெழுத்தின் அமைப்பிலேயே ஒரு வழி இருந்தது. ஒரே வடிவத்தின் மேலும் கீழும் புள்ளிகளை மாற்றியிட்டு வெவ்வேறு ஒலிகளைக் காட்டுவது அதன் இயல்பு. பாரசீகரும் மலாயரும் தத்தம் மொழிக்காக அவ்வழியிலேயே புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். தமிழ் ஆலிம்களும் அதையே செய்தனர். தால் எழுத்தின் கீழே ஒரு புள்ளி இட்டால் டகரம்; நூன் எழுத்தின் கீழே புள்ளி இட்டால் ணகரம். இவ்வாறு ஏறத்தாழ 12 எழுத்துகள் புதிதாகப் பிறந்தன. எகர ஒகரங்களுக்கும் தனிக்குறிகள் வகுக்கப்பட்டன. தமிழெழுத்திலும் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் இடையிலான வேறுபாடு வீரமாமுனிவர் காலம்வரை புள்ளியைக்கொண்டே அறியப்பட்டதை நினைந்தால், இத்தொழில் எவ்வளவு தமிழியல்பானது என்பது விளங்கும்.

இதற்கு அரசாணை எதுவும் இருந்ததில்லை. ஆசிரியரிடமிருந்து மாணவருக்கும், ஒரு படியிலிருந்து மறுபடிக்கும் கைமாறிய வழக்கமே இலக்கணம். அதனால் எழுதுவோருக்கு எழுதுவோர் புள்ளியின் இடம் சற்று வேறுபட்டது. கல்லச்சு வந்தபின்னரே ஓரளவு ஒருமை ஏற்பட்டது. தமிழ் நூலை அச்சிட ஈய எழுத்துகளை வார்க்கவேண்டியிருந்தது; அறபுத்தமிழுக்கோ எழுத்தர் ஒருவர் அழகாக எழுதியதைக் கல்லில் ஏற்றினாற் போதும். புதிய எழுத்தொன்றை உருவாக்க வார்ப்புச்சாலை வேண்டியதில்லை, பேனா முனையின் ஒரு தொடுகை போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறபுத்தமிழ் நூல்கள் பெருகியதற்கு இத்தொழில்நுட்பமே பெருந்துணை. கீழக்கரையைச் சேர்ந்தவரும் இலங்கையெங்கும் பயணித்துப் பணியாற்றியவருமான மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்றோரின் நூல்கள் பல ஊர்களுக்குப் பரவியபோது, அவற்றில் உள்ள எழுத்துமுறையே சரியானதென வாசகர் கொண்டனர். பலர் வாசிக்கும் நூலே தரநிர்ணயம் செய்தது. இக்கருத்தை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். கணினி யுகத்திலும் இதுவே மீண்டும் நிகழ்ந்தது.

அறபுத்தமிழின் வீழ்ச்சியைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. அறிஞர் சித்திலெவ்வை 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியபோதும், 1885இல் 'அசன்பே சரித்திரம்' நாவலை வெளியிட்டபோதும், பொதுக்கல்வியையும் தமிழெழுத்தையும் நோக்கியே சமூகத்தின் முகம் திரும்பிவிட்டது. பாடசாலை, பரீட்சை, உத்தியோகம் என்னும் மூன்றும் தமிழெழுத்தைக் கேட்டன. இரண்டு மூன்று தலைமுறைக்குள், பாட்டி வாசித்த நூலைப் பேத்தி வாசிக்க இயலாத நிலை உண்டாயிற்று. மொழி மாறவில்லை, சொல்லும் மாறவில்லை, எழுத்து மட்டுமே மாறியது. எனினும் நூல் ஊமையாயிற்று.

இனித் தமிழெழுத்து எந்திரத்தைச் சந்தித்த கதை. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா, ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் நாற்பதோ ஐம்பதோ விசைகளுக்குள் தமிழின் 247 எழுத்துகளை எவ்வாறு அடக்குவது என்னும் சிக்கலைத் தீர்த்தவர். புள்ளியையும் கொம்பையும் விசிறியையும் தனிக்குறிகளாகப் பிரித்து, அழுத்தினாலும் தாள் நகராத விசைகளை அமைத்து, எழுத்தின் தலைமேற் குறி ஏறும்படி செய்தார். தமிழைத் துண்டுகளாகப் பிரித்து மீண்டும் கூட்டலாம் என்று முதலில் நிறுவியது இப்பொறி எனலாம். கணினிக்காரர் பின்னாளில் பெரிதாகப் பேசிய கொள்கையை இரும்பில் வடித்தவர் ஒரு யாழ்ப்பாணத்தவர் என்பது அவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

தட்டச்சில் பழகிய விரல்களுக்காகவே இலங்கையில் 'பாமினி' எழுத்துரு பெருவழக்காயிற்று. அதன் உள்ளமைப்பு விந்தையானது. கணினிக்கு அது தமிழே அன்று. ஆங்கில எழுத்துகளின் இடங்களிலே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருக்கும் ஒரு முகமூடி. 'தமிழ்' என்னும் சொல்லைப் பாமினியில் எழுதினால், கணினியின் நினைவிற் பதிவது ஜே, கே, பீ, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் அவ்வைந்து குறிகளே தோன்றும். திருமண அழைப்பிதழ், பள்ளிவாசல் அறிவித்தல், பிரதேச இலக்கிய மலர், வினாத்தாள் என எல்லாம் இம்முகமூடியில் எழுதப்பட்டன. தாளில் அச்சிட்டு எடுக்கும்வரை எவருக்கும் குறை தெரியவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர் தம் கணினியில் வாசிக்க முற்பட்டபோதே குறை தெரிந்தது.

ஏனைய நாடுகளிலும் நிலைமை இதுவே. கனடாவில் வாழ்ந்த கி. சீனிவாசன் 1984இல் 'ஆதமி' என்னும் தமிழ்ச் செயலியை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு'வைத் தொடங்கினார். சுவிற்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை ஆக்கி இலவசமாக வழங்கினார். சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 1995இல் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். ஒவ்வொருவரும் தமிழுக்கு ஒரு வீடு கட்டினர். ஒரு வீட்டுத் திறப்பு மறுவீட்டுக் கதவைத் திறக்கவில்லை. வணிக நிறுவனங்கள் சில தம் குறியீட்டு அட்டவணையை இரகசியமாகவே வைத்திருந்தன. அவற்றின் எழுத்துருவை வாங்கிய பதிப்பாளர் அந்நிறுவனத்துக்கே கட்டுண்டார்.

இந்நிலையில் 1995இல் பாலா பிள்ளை அவுஸ்திரேலியாவிலிருந்து தொடங்கிய 'தமிழ்.நெற்' என்னும் மின்னஞ்சற் குழு ஒரு புதுமையைச் செய்தது. அதுவரை இணையத்தில் தமிழர் ஆங்கிலத்திலோ, ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்த தமிழிலோ எழுதிவந்தனர். தமிழ்.நெற்றில் தமிழெழுத்திலேயே மடல் எழுதலாயினர். மலேசியரும் சிங்கப்பூரரும் இந்தியரும், போரினாற் புலம்பெயர்ந்த ஈழத்தவரும் ஓரிடத்திற் கூடினர். அவர்களுள் மொழியியலாளர் சிலரே. பொறியியலாளர், மருத்துவர், வேதியியலாளர், மாணவர் எனத் தமிழை வயிற்றுப்பாட்டுக்காக அன்றி விருப்பினாற் கொண்டோரே பெரும்பாலர். 1998 பொங்கல் நாளன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தொண்டர்களைக்கொண்டு தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கும் பணியை இச்சூழலிலிருந்தே மேற்கொண்டது.

இக்குழுவினர் 1997 முதல் பொதுக்குறியீடு ஒன்றை வகுக்க முற்பட்டனர். 'திஸ்கி' எனப் பெயர்பெற்ற அக்குறியீட்டின் பிறப்பு, எழுத்துச் சீர்திருத்த வரலாற்றில் முன்மாதிரி இல்லாதது. கணினியில் அக்காலத்திற் கிடைத்த இடங்கள் 256. முதற்பாதி ஆங்கிலத்துக்குரியது; மறுபாதியில் தமிழை வைக்கவேண்டும். உகர ஊகார வரிசைக்குத் தனி வடிவங்கள் வேண்டும். கொம்பும் காலும் தனியே வேண்டும். கிரந்த எழுத்துகளும் வேண்டும். எதனை எங்கு வைப்பது என்பதை மடல்கள் வழியே வாதிட்டு, வரைவை வெளியிட்டு, குறை கேட்டுத் திருத்தி, மீண்டும் வெளியிட்டனர். இகரத்துக்கு முதலில் ஒதுக்கிய இடம், பல கணினிகள் சொல்லை வரியிறுதியிற் பிரிப்பதற்கான மறைகோட்டுக்கு வைத்திருந்த இடமாக அமைந்தமையால் இடர் தந்தது. பின்னர் இகரத்துக்கு வேறோர் இடம் கொடுக்கப்பட்டது. இத்தகைய சிறு திருத்தங்களே அக்குழுவின் பெருமை. தவறு எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது, எவரும் சுட்டிக்காட்டலாம், சுட்டியவரின் பட்டத்தையோ பதவியையோ எவரும் கேட்கவில்லை.

ஆயினும் அங்கே சண்டை இல்லை என எண்ணுதல் பேதைமை. தட்டச்சு விசைமுறையா, ஒலிபெயர்ப்பு முறையா? ஆங்கிலத்தோடு இடத்தைப் பகிர்ந்துகொள்வதா, முழுவதையும் தமிழுக்கே ஆக்குவதா? கிரந்தம் வேண்டுமா, வேண்டாமா? சில விவாதங்கள் நுட்பத்தில் தொடங்கித் தன்மானத்தில் முடிந்தன. 1999 பெப்ரவரியிற் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாட்டரசு 'டாம்', 'டாப்' என்னும் இரு குறியீடுகளையும் 'தமிழ்99' விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. புலம்பெயர்ந்தோர் திஸ்கியையே தொடர்ந்தனர். ஒரே மொழிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட 'பொதுத் தரங்கள்' என்னும் நகைப்புக்கிடமான நிலை நேர்ந்தது. 2000இல் உத்தமம் எனும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்ததற்கு இந்நிலையும் ஒரு காரணம். பின்னோக்கிப் பார்க்கையில், விசைப்பலகையை வகுத்த பணியே சென்னை முயற்சியின் நிலைத்த பயன். குறியீடுகள் இரண்டும் சில ஆண்டுகளிற் பயனிழந்தன.

ஏனெனில் இவ்வாதங்கள் நடக்கும்பொழுதே, உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே குறியீடு என்னும் குறிக்கோளோடு யூனிக்கோட் 1991இலேயே வெளிவந்திருந்தது. தமிழுக்கு அதில் 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி கிடைத்தது. அதன் உள்ளடக்கம், இந்தியாவின் 1988ஆம் ஆண்டு 'இஸ்கி' தரத்தைத் தழுவியது. பிராமியின் வழிவந்த எழுத்துகள் யாவும் ஒரே அச்சில் அடங்கும் என்ற எண்ணத்தின்மேல் எழுந்தது அத்தரம். தேவநாகரியில் வர்க்க எழுத்துகள் இருக்கும் இடங்கள் தமிழ்ப் பகுதியில் வெற்றிடங்களாகவே நிற்கின்றன. எழுத்து வரிசையும் தமிழ் நெடுங்கணக்கு அன்று: நகரத்தை அடுத்து னகரம், ரகரத்தை அடுத்து றகரம், லகரத்தின் பின் ளகரமும் ழகரமும், அதன் பின்னரே வகரம். ஆகவே ஓர் அகராதியைக் கணினி தானாக வரிசைப்படுத்தினால் பிழையாகவே அமையும். தமிழ் வரிசையைத் தனியாகக் கற்பிக்க வேண்டும்.

இதனினும் ஆழமான முறைப்பாடு ஒன்றுண்டு. தொல்காப்பிய மரபில் மெய்யே முதல். புள்ளி பெறுதல் அதன் இயல்பு. அகரம் ஏறிய உயிர்மெய் அதன்பின் வருவது. யூனிக்கோடில் இது தலைகீழாயிற்று. அகரமேறிய ககரமே முதல். 'க்' என்பது அதனோடு புள்ளி சேர்ந்த கூட்டு. 'தமிழ்' என்னும் மூவெழுத்துச் சொல் யூனிக்கோடில் ஐந்து குறிகளாகி, இணையத்தில் வழங்கும் முறையில் 15 பைட்டுகளைக் கொள்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓரிடம் கொடுக்கும் 'டேஸ்' என்னும் 16 பிட்டுக் குறியீடு இக்குறையை நீக்க எழுந்தது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுக் காலத்தில், தமிழ்நாட்டரசு யூனிக்கோடையும் டேசையும் ஒருங்கே தரமாக ஏற்றது. இலக்கண நோக்கிற் பார்ப்பின் டேஸ் வாதிகளின் முறைப்பாடு சரியே. ஆனால் எழுத்துமுறை இலக்கணத்தினால் மட்டும் வெல்வதில்லை. 2010க்கு முன்னரே பயனாளர் தம் முடிவைச் செய்துவிட்டனர்.

அம்முடிவு எவ்வாறு நேர்ந்தது என்பதே இவ்வரலாற்றின் சுவையான பகுதி. விண்டோஸ் 2000 இயங்குதளம் தமிழ் யூனிக்கோடைத் தாங்கி வந்தது. 2003 அளவில் தொண்டர்கள் ஆக்கிய 'எ-கலப்பை' தட்டச்சுச் செயலி எவருக்கும் இலவசமாகக் கிடைத்தது. யேர்மனியில் வாழும் ஈழத்தவரான சுரதா யாழ்வாணன் உருவாக்கிய எழுத்துமாற்றி, பாமினியிலும் திஸ்கியிலும் இருந்தவற்றை நொடியில் யூனிக்கோடாக்கியது. பழையதை இழக்காமற் புதியதற்கு வரலாம் என்ற நம்பிக்கையை அளித்த இச்சிறு கருவி, பல தீர்மானங்களைவிட அதிகம் சாதித்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை இலங்கையரான இ. மயூரநாதன் தொடக்க ஆண்டுகளில் பெரும்பாலும் தனியாளாய் வளர்த்தார். வலைப்பதிவுகள் பெருகின. எழுதுவோரும் வாசிப்போரும் ஓரிடத்திற் கூடிவிட்டபின் வேறிடத்துக்கு அழைத்தால் வருவோர் யார்? இலங்கையில் 2008ஆம் ஆண்டு எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தரம், யூனிக்கோடையும் தட்டச்சு மரபினதான ரெங்கநாதன் விசைப்பலகையையும் ஏற்றமை, நடந்து முடிந்ததை ஒப்புக்கொண்டதே எனலாம். கல்லச்சு நூல்கள் அறபுத்தமிழுக்குச் செய்ததை இவை தமிழுக்குச் செய்தன.

இந்நெடிய வாதங்களில் கிழக்குக் கரை முஸ்லிம்களின் குரல் எங்கே? தமிழ்.நெற் தொடங்கிய 1995ஆம் ஆண்டிலேதான், போர்ச்சூழலின் நடுவே, இன்று ஒலுவிலில் நிலைகொண்டுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றியது. இணையத் தொடர்பு பெரும்பாலோர்க்கு எட்டாக்கனி. மொழியின் எதிர்காலம் பற்றிய மடல்கள் கோலாலம்பூருக்கும் லோசானுக்கும் இடையே பறந்தபோது, கல்முனையின் அச்சகங்களில் பாமினியே ஓடிக்கொண்டிருந்தது. இல்லாதார் குரல் எத்தகைய இழப்பு என்பதை 2010இன் கிரந்தச் சர்ச்சை காட்டியது. கிரந்த எழுத்துக்கு யூனிக்கோடில் தனிப்பகுதி கோரிய முன்மொழிவொன்றில் எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழுக்குரிய எழுத்துகளும் இடம்பெற்றதும், தமிழ்ப் பகுதியையே விரிக்கக் கோரிய மற்றொரு முன்மொழிவும் தமிழ்நாட்டிற் பெருங்கிளர்ச்சியை உண்டாக்கின. அவ்வாண்டு நவம்பரில் முதலமைச்சர் மு. கருணாநிதி மத்திய அரசுக்கு எழுதுமளவுக்கு அது வளர்ந்தது. இறுதியில் 2014இல் அவ்வைந்து எழுத்துகளும் இன்றியே கிரந்தப் பகுதி வெளியாயிற்று.

தமிழுக்குரிய எழுத்துகளைக் காத்தமை நியாயமே. ஆனால் அக்கிளர்ச்சியின் சூட்டில், ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றையும் தமிழிலிருந்து அகற்றவேண்டும் என்ற கூக்குரலும் உடன் எழுந்தது. அக்குரலுக்கு உரியோர் இவ்வெழுத்துகளை வடமொழியின் எச்சமாக மட்டுமே கண்டனர். ஹனீபாவும் ஜமீலும் ஷரீபாவும் தம் பெயரைத் தமிழிலே எழுதுவதற்கு இவையே கருவி என்பது அவர் கருத்திற் படவில்லை. அக்கரைப்பற்றிலோ சம்மாந்துறையிலோ ஒரு பாடசாலையின் வரவுப் பதிவேட்டைத் திறந்து பார்த்திருந்தால், அவ்வெழுத்துகள் அங்கே சமற்கிருதத்துக்காக அன்றி அன்றாடத் தமிழுக்காகவே உழைப்பதைக் கண்டிருப்பர். வேற்றொலியைத் தமிழ்ச் சொல்லோடு ஒரே வரியில் இருத்தும் கலையை அறபுத்தமிழார் எதிர்த்திசையிலிருந்து முன்னரே கற்றிருந்தனர்: அறபுச் சொல்லை அதன் எழுத்திலேயே விட்டு, தமிழொலிக்குப் புள்ளி இட்டனர்.

பெயர்களைப் பற்றிய சிக்கல் வேறொன்றும் உண்டு. அறுகம்பே என்னும் ஊர்ப்பெயரை அறுகம்பை எனவும் அறுகம்குடா எனவும் எழுதக் காணலாம். மனிதர் மூன்றையும் ஒன்றென உணர்வர்; கணினிக்கு அவை மூன்று ஊர்கள். றமழான், ரமலான், ரமளான் என்பனவும் அவ்வாறே. எழுத்துக்கு இடம் குறித்தாயிற்று. எழுத்துக்கூட்டலுக்கு இன்னும் இணக்கம் இல்லை.

2004 டிசெம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மருதமுனை முதல் அறுகம்பே வரை கரையோர வீடுகள் அழிந்தபோது, அவ்வீடுகளின் பெட்டிகளிலும் பரண்களிலும் இருந்த தாள்களும் அழிந்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் போல் அது ஒரு செய்தியாகவில்லை. எண்ணிக்கையும் எவரிடமும் இல்லை. அடுத்த மாதமே, 2005இன் தொடக்கத்தில், இலங்கைத் தமிழ் எழுத்துகளை மின்வடிவிற் பேணும் நூலகம் திட்டம் தொண்டர்களால் தொடங்கப்பட்டது. முதலில் நூல்களைத் தட்டெழுதி ஏற்றியோர், பின்னர் பக்கங்களைப் படமெடுத்து ஏற்றும் முறைக்கு மாறினர். முஸ்லிம் ஊர்களின் மலர்களும் இதழ்களும் அதில் இடம்பெறலாயின.

தமிழெழுத்தில் அச்சான நூலின் படத்திலிருந்து சொற்களைப் பிரித்தெடுக்கும் செயலிகள் இன்று ஓரளவு திறம்படப் பணியாற்றுகின்றன. அறபுத்தமிழ்க் கல்லச்சு நூலுக்கு அவ்வாய்ப்பு இல்லை. டகர ணகரங்களுக்கான புள்ளியிட்ட வடிவங்கள் யூனிக்கோடின் அறபுப் பகுதியில், வேறு மொழிகளுக்காகச் சேர்க்கப்பட்டவற்றோடு கலந்து கிடக்கின்றன. எழுத்தருக்கு எழுத்தர் மாறிய புள்ளிகளை இயந்திரம் மயங்கியே வாசிக்கும். ஆகவே அத்தகைய பக்கம் திரையில் ஒரு படமாகவே நிற்கிறது. அதிலுள்ள ஒரு பெயரையோ ஊரையோ தேடிக் கண்டெடுக்க இயலாது. அதற்கு, அறபெழுத்தையும் பழந்தமிழ் வழக்கையும் ஒருங்கே அறிந்த ஒருவர் அருகமர்ந்து வரிவரியாக வாசித்துச் சொல்ல, மற்றொருவர் தமிழில் தட்டெழுதவேண்டும். கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையே அவ்வாறு வாசிக்க வல்லோர் பெரும்பாலும் முதியோர். தட்டெழுத வல்லோர் அவர்தம் பேரப்பிள்ளைகள்.